‘சாக்கிட் ஹாத்தி’ என்று சொல்லிவிடாதீர்கள்: மனசு சரியில்லாதபோது டாக்டரிடம் பேசுவது எப்படி

முதல் தடவை நான் டாக்டரிடம் போனபோது எனக்குக் கிடைத்தது கேஸ்ட்ரிக் மாத்திரை. அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன விதம் அப்படி.

அப்போது மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. வேலைக்குக் கிளம்பி, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, வாசற்படியிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மகள் வந்து “அப்பா, பஸ் போயிடும்” என்றால் அவள் மேல் எரிந்து விழுவேன். இவ்வளவும் மனசில் இருந்தது. ஆனால் டாக்டர் மலாயில் என்ன பிரச்சினை என்று கேட்டதும் என் வாயில் வந்தது இரண்டே வார்த்தை: “சாக்கிட் டாடா.” நெஞ்சு வலி என்று ஒருவன் சொன்னால் எந்த டாக்டரும் செய்வதை அவர் செய்தார். படுக்க வைத்து ஈசிஜி எடுத்தார். இதயம் நன்றாக இருக்கிறது, வாயுவாக இருக்கும் என்று மாத்திரை எழுதினார். ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்கா கூட வந்தார். அன்றைக்கு நடந்தது வேறு. அதற்குப் பிறகு உறவில் ஒருவரையும் கூட வேலை செய்த இருவரையும் நானே அழைத்துப் போயிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. பினாங்கில் இருந்துகொண்டு முதல் தடவையாக இந்த விஷயத்துக்கு டாக்டரைப் பார்க்கப் போகிற ஒருவருக்கு, உள்ளே போய் என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் இங்கே.

அதற்கு முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் இன்றைக்கே வலுவாக இருந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 999க்கு அழையுங்கள், அல்லது யாரையாவது கூட்டிக்கொண்டு நேராக அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே போக ரத்தம் வடிய வேண்டும் என்று இல்லை, இதுவும் அவசரம்தான். பேச ஒரு குரல் வேண்டும் என்றால் சுகாதார அமைச்சு 2022ல் தொடங்கிய ஹீல் தொலைபேசிச் சேவை இருக்கிறது, எண் 15555. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

எங்கே போவது

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பக்கத்தில் இருக்கும் கிளினிக் கெசிஹாத்தானிலிருந்து, அதாவது அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலிருந்து, தொடங்குங்கள். தீவில் ஜாலான் பேராக், பாயான் லெப்பாஸ் என்று பல இடங்களில் இருக்கிறது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்). அங்கிருக்கும் டாக்டரே ஆரம்பச் சிகிச்சை தருவார். தேவைப்பட்டால் குடும்ப மருத்துவ நிபுணரிடம் காட்டுவார், அல்லது மனநலப் பிரிவுக்கு சூராட் ருஜுக்கான், அதாவது மேலே அனுப்பும் கடிதம், எழுதித் தருவார். தீவில் அது பெரும்பாலும் ரெசிடென்சி சாலையில் இருக்கும் ஜெனரல் ஆஸ்பத்திரி. அக்கரையில் செபராங் ஜெயா. கடிதத்தோடு போனால் நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிக்கு மேல் ஆகாது. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குக் கட்டணம் கூடுதல். பாஸ்போர்ட்டும் பெர்மிட்டும் கையில் இருக்கட்டும்.

யார் யார் என்பதில் குழப்பம் வரும். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பரிசோதனையும் பேச்சு வழிச் சிகிச்சையும் அவருடைய வேலை. கவுன்சலர் என்று போர்டு மாட்டியிருப்பவர் 1998ஆம் ஆண்டு கவுன்சலர் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். தனியாரிடம் காசு கொடுத்துப் போவதென்றால் பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

‘தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்’ என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சின்ன வயசில் அடம் பிடித்தாலே இதைச் சொல்லித்தான் மிரட்டுவார்கள். அங்கே இருக்கும் பஹாகியா மனநல மருத்துவமனை 1911ல் தொடங்கியது. அந்தப் பெயரே வசவாகிப் போனது நம் கைங்கரியம். தூக்கம் போனது, பயம், சோர்வு என்று போகிறவர்களில் பெரும்பாலோர் சாயங்காலமே மருந்துப் பையோடு வீட்டுக்குத் திரும்பி வருகிறவர்கள்தான். 2023ல் நாடு தழுவி எடுத்த சுகாதார ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்கள் 4.6 விழுக்காடு, கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர். 2019ல் அது 2.3 விழுக்காடாக இருந்தது. நம்பர் எடுத்து உட்காரும்போது பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் இதற்காகவே வந்திருக்கலாம்.

போவதற்கு முன்: குதிரைக் காலண்டர்

என் அக்கா செய்த முதல் வேலை, சமையலறையில் தொங்கிய குதிரைக் காலண்டரைக் கழற்றி மேசையில் வைத்ததுதான். மளிகைக் கடையில் வருஷா வருஷம் கொடுப்பார்களே, குதிரைப் பந்தய நாளுக்குக் குதிரை படம் போட்டது, அது. “இன்னையிலேருந்து ரெண்டு வாரம் இதுல எழுது. கதை வேணாம். என்ன நடந்துச்சோ அது போதும்.”

அவர் ஒரு தனியார் கிளினிக்கில் பல வருஷம் கவுன்டரில் இருந்தவர். உள்ளே போகிறவர்கள் “எனக்கு ஒரு மாதிரியா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வருவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போனவர்.

நான் எழுதிய கட்டங்களில் இரண்டு:

செவ்வாய். பகல் ஷிப்ட். ராத்திரி 11க்குப் படுத்தேன், தூங்கியது 1 மணிக்கு மேல். 3.40க்கு முழிப்பு, அப்புறம் தூக்கம் இல்லை. சோறு பாதித் தட்டு. லைனில் ஒரே பெட்டியை இரண்டு தடவை எண்ணினேன்.

சனி. லீவு. மாமா வீட்டு நிச்சயதார்த்தம், போகவில்லை. நாலு போன் வந்தது, எடுக்கவில்லை. சாயங்காலம் வரைக்கும் படுக்கை. குளிக்கவில்லை.

இப்படி எழுதும்போது ‘கவலை’, ‘வேதனை’ என்ற சொல் ஒன்றுகூட வரவில்லை என்பதைக் கவனியுங்கள். டாக்டருக்குக் கையில் பிடிக்கக் கிடைப்பவை இவைதான்: எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள், எதைச் செய்ய முடியாமல் போனது, முன்பு எப்படி இருந்தது. மனக்கஷ்டம் என்று சொன்னால் கஷ்டம் இல்லாத ஆள் யார் என்று அவர் நினைக்கலாம். பதினாலு நாளில் பத்து நாள் விடியற்காலை நாலு மணிக்கு முன்னால் முழித்துக்கொண்டேன் என்றால் பேனாவை எடுத்து எழுதுவார்.

ஷிப்ட் வேலை செய்கிறவர்கள் எந்த ஷிப்ட் என்பதையும் கட்டத்தில் போடுங்கள். நைட் ஷிப்ட் யாருடைய தூக்கத்தையும் கெடுக்கும். லீவு நாளிலும் தூக்கம் வரவில்லை என்று தெரிந்தால்தான் இது ஷிப்டால் வந்ததா, வேறா என்று பிரிக்க முடியும். பெண்கள் மாதவிலக்கு நாட்களையும் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டு வாரம் காத்திருக்க முடியாத நிலை என்றால் காத்திருக்க வேண்டாம். நேற்று, முந்தாநாள் இரண்டு நாளை மட்டும் எழுதிக்கொண்டு போங்கள்.

காலண்டர் தவிர ஒரு பை. நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தின் அட்டைகளும் அதில் இருக்கட்டும்: சர்க்கரை, பிரஷர், பார்மசியில் வாங்கிய தூக்க மாத்திரை, ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்து, நாட்டு மருந்து எல்லாம். பெயர் தெரியாவிட்டால் பாட்டிலோடு. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 குறைந்தாலும் ஆளைச் சோர்வாக்கி மனச்சோர்வு மாதிரியே காட்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் அதையும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப அது ஒரு காரணமாக இருக்கும்.

மொழிச் சிக்கல்

இதில்தான் நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள், நான் உட்பட. நினைப்பது தமிழில், பேசுவது மலாயில், டாக்டர் எழுதுவது ஆங்கிலத்தில். மூன்று படி இறங்குவதற்குள் விஷயம் மாறிப் போகிறது.

மனசு வலிக்கிறது என்பதை அப்படியே மலாயில் போட்டால் ‘சாக்கிட் ஹாத்தி’ என்று வரும். மலாயில் அதற்கு அர்த்தம் வேறு. யார் மேலோ கோபம், மனத்தாங்கல், கடுப்பு. “சாயா சாக்கிட் ஹாத்தி” என்று நீங்கள் சொன்னால், யாரோடு சண்டை என்றுதான் எதிரில் இருப்பவர் யோசிப்பார். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா அப்படிச் சொல்லி, மருமகளோடு ஒத்துப் போங்கள் என்ற அறிவுரையோடு திரும்பி வந்தார். அவருக்கு மருமகளே கிடையாது. சொல்ல வேண்டியது ‘செடே’ அல்லது ‘முருங்’. மனச்சோர்வு என்ற நோய்க்கு அவர்கள் சொல் ‘கெமுருஙான்’.

நெஞ்சு படபடக்கிறது என்றால் ‘ஜந்துங் பெர்டெபார்’. நெஞ்சை யாரோ அமுக்குகிற மாதிரி என்றால் ‘டாடா ராசா கெதாட்’. என்னைப் போல வெறும் ‘சாக்கிட் டாடா’ என்றால் ஈசிஜியோடு முடிந்துவிடும். ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன்: நெஞ்சு வலிக்கு ஈசிஜி எடுப்பது அவசியம்தான், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அது நன்றாக இருக்கிறது என்று வந்த பிறகு எழுந்து போய்விடாமல், எப்போதெல்லாம் வருகிறது என்று சொல்லுங்கள். எனக்கு ஷிப்டுக்குக் கிளம்பும்போது மட்டும் வரும், லீவு நாளில் வராது. இந்த ஒரு வாக்கியத்தை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

காதில் ‘ஙொய்’ என்ற இரைச்சல் இருப்பவர் ‘டெஙார் சுவாரா’ என்று சொல்லிவிடக் கூடாது. அது யாரோ பேசும் குரல் கேட்கிறது என்ற அர்த்தத்தில் போகும். சிகிச்சையே வேறு பாதையில் போகும். இரைச்சலுக்கு ‘தெலிஙா பெர்டெசிங்’. உண்மையிலேயே ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறது என்றால், ‘டெஙார் சுவாரா’ என்று தயங்காமல் சொல்லுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் காவடி எடுத்தபோது சாமி வந்தது ஒன்று. வீட்டில் தனியாக இருக்கும்போது யாரோ பெயர் சொல்லித் திட்டுவது வேறு. எங்கே, எப்போது, என்ன சொன்னது என்று மூன்றையும் சொன்னால் அவர் பிரித்துப் பார்த்துக்கொள்வார்.

எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிற ஒரு சொல் இருக்கிறது: ஸ்ட்ரெஸ். பினாங்கு பாலத்தில் டிராபிக் ஜாம் என்றாலும் ஸ்ட்ரெஸ், பெற்ற பிள்ளையைத் தூக்கப் பிடிக்கவில்லை என்றாலும் ஸ்ட்ரெஸ். அந்தச் சொல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தமிழிலேயே ஒரு நல்ல சொல் நமக்கு இருக்கிறது. ‘எதிலும் பிடிப்பில்லை’ என்கிறோமே, அது. மனச்சோர்வைக் கண்டுபிடிக்க டாக்டர்கள் முக்கியமாகக் கேட்கும் இரண்டு கேள்விகளில் ஒன்று அதே விஷயம்தான். மலாயில் ‘ஹிலாங் மினாட்’ என்றால் கிட்டத்தட்ட வந்துவிடும். அதோடு ஓர் உதாரணம் சேருங்கள். ஞாயிறு காலையில் ஆயர் ஈத்தாம் மார்க்கெட்டுக்குப் போய் நண்டு வாங்குவது என்றால் எனக்கு உயிர். நாலு வாரம் போகவில்லை. மனைவி வாங்கி வந்து வைத்தபோதும் தொடவில்லை. டாக்டர் இதைக் கேட்டுச் சிரித்தார், எழுதிக்கொண்டார்.

மலாயும் ஆங்கிலமும் சுத்தமாக வராது என்றால் கவுன்டரிலேயே கேளுங்கள்: “அடா ஸ்டாஃப் போலே சாக்காப் தமிழ்?” தமிழ் பேசும் நர்ஸோ டாக்டரோ இருந்தால் கொஞ்சம் காத்திருந்தாவது அவரிடம் போவது மேல். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். அம்மா சாக நினைத்தாள் என்பதைப் பன்னிரண்டு வயசுப் பெண் வாயால் மலாயில் சொல்ல வேண்டி வந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும்.

உள்ளே போனதும்

கிளினிக்கில் நேரம் குறைவு. வெளியே அறுபது பேர் நம்பரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் பொதுவாக என்ன செய்கிறோம்? முதலில் முழங்கால் வலி, அப்புறம் இருமல், கதவுக்குப் பக்கத்தில் போன பிறகு “அப்புறம் டாக்டர், ராத்திரியில தூக்கம் வர மாட்டேங்குது” என்று இழுப்போம். அதற்குள் அடுத்த நம்பர் கூப்பிட்டாகிவிடும்.

எனவே கஷ்டமானதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். எழுதி வைத்துப் படித்தாலும் சரி. நான் இரண்டாவது தடவை படித்தது இதுதான், மலாயில்:

“டாக்டர், நான் உடம்பு வலிக்காக வரவில்லை, மனசுக்காக வந்திருக்கிறேன். நாலு மாதமாக இருக்கிறது. முன்பு ஆறு மணி நேரம் தூங்குவேன், இப்போது மூன்று. இந்த மாதம் ஐந்து நாள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளைகளிடம் கத்துகிறேன். இந்தக் காலண்டரில் எழுதியிருக்கிறேன்.”

அரை நிமிடம்கூட ஆகாது. எவ்வளவு நாளாக, முன்பு எப்படி, இப்போது எப்படி, எதனால் வாழ்க்கை தடைப்படுகிறது என்று நாலும் அதில் வந்துவிட்டது. காரணத்தை நீங்கள் கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கடன், மாமியார், மேலதிகாரி எல்லாம் அவர் கேட்கும்போது சொல்லலாம். ‘எனக்கு டிப்ரஷன்’ என்று நோயின் பெயரோடு தொடங்குவதும் எனக்குப் பிடிக்காது. பெயர் வைப்பது அவர் வேலை. அறிகுறியைச் சொல்லுங்கள், அவர் வைக்கட்டும்.

அழுகை வந்தால் அழுங்கள். மேசை மேல் டிஷ்யூ இருக்கும். அழுகை நிற்கும் வரை பேச முடியாவிட்டால் காகிதத்தை நீட்டிவிடுங்கள். அந்தக் காகிதத்துக்கு அதுதான் பெரிய உபயோகம். இன்னொரு பக்கம், நல்ல சட்டை போட்டு, விபூதி வைத்து, சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்து ‘ஓகே டாக்டர்’ என்று பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். மரியாதைக்குச் சிரிப்பது நம் பழக்கம். அப்படிப்பட்டவர் என்றால், “நான் சிரிக்கிறேன், ஆனால் உள்ளே இப்படி இல்லை” என்று வாய்விட்டே சொல்லிவிடுங்கள்.

தாளில் டிக் போடச் சொன்னால்

சில சமயம் உட்கார வைத்து ஒரு தாள் கொடுப்பார்கள். பிஎச்க்யூ-9 என்றால் மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் கவனிக்க வேண்டியது என்று எடுத்துக்கொள்வார்கள். டாஸ்-21 என்றால் மனச்சோர்வு, பதற்றம், ஸ்ட்ரெஸ் மூன்றையும் அளக்கும் இருபத்தொரு கேள்வி, போன வாரத்தைப் பற்றியது.

இதில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. ஒன்று, பரீட்சை மாதிரி நினைத்து நல்ல மார்க் வாங்கப் பார்ப்பது. இன்னொன்று, நம்ப மாட்டார்களோ என்று எல்லாவற்றுக்கும் மூன்று போடுவது. காலண்டரைப் பார்த்துப் போடுங்கள். ‘சில நாட்கள்’, ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ என்றுதான் கேட்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் விடை கட்டத்திலேயே இருக்கிறது. கேள்வி புரியவில்லை என்றால் நர்ஸைக் கேளுங்கள், ஊகித்துப் போட வேண்டாம். பின்னால் இருந்து யாராவது எட்டிப் பார்த்தால் ஓரமாகத் தள்ளிப் போய் உட்காருங்கள்.

வாய்க்கு வராதவை

பிஎச்க்யூ-9 தாளின் கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. தாள் கொடுக்காவிட்டாலும் டாக்டர் கேட்பார், எல்லாரிடமும் கேட்பார். உங்களைப் பற்றி ஏதோ தெரிந்துகொண்டு கேட்கிறார் என்று இல்லை.

தமிழில் சாவு ரொம்ப மலிவாகப் புழங்குகிற சொல். வெயிலில் நடந்து வந்தாலே ‘செத்தேன்’ என்போம். ‘செத்தா தேவலை’ என்று வாரத்துக்கு நாலு தடவை சொல்கிற பாட்டிகள் தொண்ணூறு வயசு வரை இருந்திருக்கிறார்கள். அதனால்தான் நிஜமாகச் சொல்லும்போது அது வீட்டில் யார் காதிலும் ஏறுவதில்லை. டாக்டரிடம் எந்த அளவு என்று பிரித்துச் சொல்லுங்கள். காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றுவது ஒன்று. எப்படி என்று யோசிப்பது அடுத்தது. எப்போது, எதைக் கொண்டு என்று முடிவுசெய்து வைத்திருப்பது, அல்லது முன்பு ஒரு தடவை முயன்றது இன்னும் மேலே. எதில் இருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள். எண்ணம் வருகிறது, ஆனால் பிள்ளைகள் முகம் வந்து நிறுத்துகிறது என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சொன்னால் போலீஸ் கேஸாகிவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023ல் நீக்கிவிட்டார்கள். நீங்கள் பேசுவது டாக்டருக்கும் உங்களுக்கும் நடுவில்தான். உயிருக்கு ஆபத்து என்று அவர் நினைத்தால் மட்டும் குடும்பத்தில் ஒருவரைக் கூப்பிடுவார், தங்கச் சொல்வார். அப்போது ஏன், எத்தனை நாள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

குடியைப் பற்றிக் கேட்டால் ‘கொஞ்சம்’ என்று சொல்லாதீர்கள். கொஞ்சம் என்பது ஒருவருக்கு ஒரு டின் பீர், இன்னொருவருக்கு அரைப் பாட்டில் சம்சு என்ற மலிவுச் சாராயம். டின் எத்தனை, பாட்டில் எத்தனை, வாரத்துக்கு எத்தனை நாள். கெத்தும் இலையைக் கொதிக்க வைத்த போதைத் தண்ணீர் குடித்தால் அதையும். தூக்க மருந்தோடு இவை சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் கேட்கிறார்.

சுறுசுறுப்பாக இருந்த நாட்களைச் சொல்ல எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அது நோய் என்று தோன்றாது அல்லவா. மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லை, வாய் ஓயவில்லை, கிரெடிட் கார்டில் கண்டதையெல்லாம் வாங்கினீர்கள், ஒரு வாரத்தில் மூன்று பிசினஸ் தொடங்கப் பார்த்தீர்கள் என்றால் அதை அவசியம் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்து மட்டும் கொடுத்தால் அப்படிப்பட்டவர்களுக்குச் சிலசமயம் நிலைமை மோசமாகும். குடும்பத்தில் ‘தாத்தா கடைசிக் காலத்துல ஒரு மாதிரி’ என்று மூடி வைத்த கதை இருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

கோயிலில் மந்திரித்த கயிறு கட்டினீர்களா, செய்வினை என்று யாரிடமாவது போனீர்களா? மறைக்க வேண்டாம். மலாய்க்காரர்களிலும் பலர் போமோவிடம், அதாவது மந்திரிப்பவரிடம், போய்விட்டுத்தான் வருகிறார்கள், இங்கே டாக்டர்களுக்கு இது பழக்கம். யாராவது சிரித்தால் அது அவர் தப்பு. கொடுத்த மருந்தை மட்டும் ‘சாமி வேண்டாம் என்றார்’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

கூட வருபவர்

கூட ஒருவர் வந்தால் பலம்தான். ஆனால் நம் வீட்டு ஆட்கள் நமக்கு முந்திப் பேசுகிறவர்கள். என் அக்காவே, அத்தனை தெரிந்தவர், உள்ளே உட்கார்ந்த உடனே தொடங்கிவிட்டார்: “இவன் சின்ன வயசுலேருந்தே இப்படித்தான் டாக்டர், எதையும் உள்ளயே வச்சுக்குவான்.” நான் காலண்டரைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

வெளியிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: “அக்கா, முதல்ல நான் தனியா பேசுறேன். அப்புறம் உங்களைக் கூப்பிடுறேன்.” தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னாலும் அவர்களே பக்குவமாக வெளியே உட்கார வைப்பார்கள். வீட்டில் அடி, மிரட்டல் என்று இருந்தால் அந்த ஆளை உள்ளே விடவே வேண்டாம். டாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசி, 15999 என்ற எண்ணும் அதற்கு இருக்கிறது.

பிறகு அவர்களைக் கூப்பிடுங்கள். நமக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். நான் தூக்கத்தில் எழுந்து கதவுத் தாழ்ப்பாளைச் சரிபார்க்கிறேன் என்பது என் மனைவி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

எழுந்திருப்பதற்கு முன்

மருந்து எழுதினால் நாலு கேள்வி கேளுங்கள். பெயர் என்ன, காலையிலா ராத்திரியா, எத்தனை நாளில் பலன் தெரியும், என்ன பக்கவிளைவு வந்தால் உடனே வர வேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் பெரும்பாலும் இரண்டு முதல் நாலு வாரத்துக்குப் பிறகுதான் வேலை காட்டும்; குமட்டல், தலைச்சுற்றல் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதைத் தெரியாமல்தான் பலர் ஐந்தாம் நாளே ‘இந்த மருந்து எனக்கு ஒத்துக்காது’ என்று தூக்கிப் போடுகிறார்கள். ஆனால் மருந்து தொடங்கிய பிறகு படபடப்போ சாக நினைப்பதோ கூடினால் தேதி வரும்வரை காத்திருக்காமல் உடனே போங்கள். நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்தவும் கூடாது. குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

அவர் சொன்னது உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் சண்டை போட வேண்டாம், தலையாட்டிவிட்டும் வர வேண்டாம். “டாக்டர், இது வெறும் களைப்பு இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது, நிபுணரிடம் ஒரு கடிதம் கிடைக்குமா?” என்று கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் காரணத்தை எழுதிக்கொண்டு, வேறொரு நாள் வேறொரு டாக்டரைப் பாருங்கள்.

அரசாங்க இடங்களில் அடுத்த தடவை அதே டாக்டர் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு எட்டு மாதத்தில் ஐந்து பேர். ஒவ்வொருவரிடமும் ஆதியோடந்தமாகச் சொல்லிச் சலித்துப் போய், ஒரே பக்கத்தில் எழுதி வைத்தேன்: எப்போது தொடங்கியது, என்ன மருந்து எந்த மாதம், எது ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியாகப் பார்த்தபோது இருந்ததைவிட இப்போது எது தேவலை, எது மோசம். கடைசி இரண்டு வரியை மட்டும் ஒவ்வொரு தடவையும் அடித்து எழுதுவேன். அதைக் கொடுத்தால் புது டாக்டர் ஒரு நிமிடம் படிப்பார், அதற்கப்புறம் பேச்சு நேராக விஷயத்துக்கு வந்துவிடும்.

மருந்து கவுன்டரில் காத்திருக்கும் நேரத்தில், வேலைக்குப் போகிறவர்கள் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) தேவையா, வந்து போன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப் போதுமா என்று நர்ஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் சூப்பர்வைசருக்கு டைம் ஸ்லிப் போதும். எந்தப் பிரிவு என்று அவர் கேட்டதும் இல்லை, நான் சொன்னதும் இல்லை.